எழும்புகிற இடத்தில் ஒரு பூசணிக்காய்

ஆள் ஓட்டாத விமானத்தை மாரப்பன் நம்பவேயில்லை. மகள் தாரிணி ஆசைப்பட்டுச் சொந்தமாக வாங்கிவிட்டாளே என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தார். ஆனால் முதல் பயணத்துக்குத் திருஷ்டி கழிக்காமல் விட அவருக்கு மனசு வரவில்லை. குங்குமம் அப்பிய பூசணிக்காயோடு ஓடுபாதையில் நடந்தார்.

"அப்பா, எங்க போறீங்க? இங்கயே ஒடைங்க!"

"காருன்னா கெளம்பற எடத்துல ஒடைக்கலாம் அம்மிணி. இது எழும்பற எடத்துலதான் ஒடைக்கோணும். உன்ற மிசினுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?"

தாரிணி சிரித்துக்கொண்டே ஏறினாள். பாதை நடுவில் காயைப் போட்டு உடைத்துவிட்டு அவர் ஓரமாக வந்து நின்றார்.

விமானம் வேகமெடுத்து வந்தது. எழும்பப்போன நேரத்தில் சட்டென்று ஒடித்துத் திரும்பி, பள்ளத்தில் தலைகுப்புறக் கவிழ்ந்தது.

அவரே ஓடிப்போய் மகளை வெளியே இழுத்தார். உயிர் இல்லை.

நொறுங்கிய விமானத்துக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "பாதையில் ஒருவர் ரத்தத்தோடு கிடந்தார். அவர்மேல் ஏறாமல் திரும்பினேன். பிழைத்துக்கொண்டாரா?"

'அது பூசணிக்காய்டா' என்று கத்த வாயெடுத்தார். தாரிணியின் முகத்தில் அவர் கைக் குங்குமம் ஒட்டியிருந்தது.

"பொழச்சுக்கிட்டான்," என்றார்.

"ரொம்ப சந்தோஷம்," என்றது விமானம்.