சத்தமே போதும்

"கைத்துப்பாக்கியா, ஷாட்கன்னா? எதுல ஆள் சீக்கிரம் விழுவான்?"

வெர்னா கேட்ட தோரணையில், கடைக்காரர் லாய்ட் குடித்துக்கொண்டிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டார்.

"யாரு விழணும்க்கா?"

"விடியக்காலைல என் வீட்டுப் பின்னாடி வர்றவன்."

வெளியே பனி கொட்டிக்கொண்டே இருந்தது. மொன்டானாவின் மலைகளும் சாலையும் கரைந்துபோய், துப்பாக்கிக் கடை மட்டும் மேகத்துக்குள் மிதந்துகொண்டிருந்தது.

அவளுக்கு இப்போதெல்லாம் எல்லாமே அப்படித்தான். இலையுதிர் காலத்தில் கணவர் எய்னார் போய்ச் சேர்ந்ததிலிருந்து பாதித் தூக்கத்திலேயே நடமாடுகிறாள். விடியலில் கொல்லைப்பக்கம் 'டொக்... டொக்' என்று மெதுவாகச் சத்தம் கேட்கும். எய்னார்தான் விறகு அடுக்குகிறார் என்று போர்வைக்குள் சிரித்தபடி புரண்டு படுப்பாள். அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்கு அவ்வளவு சுகமாக இருக்கும்.

அப்புறம் விழிப்பு வரும். எய்னார் இல்லை என்பது உறைக்கும். எழுந்து பார்த்தால் பனியில் பூட்ஸ் தடம் மட்டும் கிடக்கும்.

"விறகு திருட்டுப் போகுதாக்கா?" என்றார் லாய்ட்.

"அதான் இல்ல. எங்க வீட்டுக்காரர் அடுக்கி வச்சுட்டுப் போனது எடுக்க எடுக்கக் குறையவே மாட்டேங்குது. மகராசன், அவ்வளவு வெட்டி வச்சிருக்கார். வர்றவன் விறகுக்கு வரல. நான் தனியா இருக்கேனான்னு நோட்டம் பார்க்க வர்றான்."

லாய்ட் இரண்டையும் மேஜைமேல் வைத்தார். "கைத்துப்பாக்கின்னா தலகாணிக்கடியில வச்சுக்கலாம். ஆனா கை நடுங்கினா குறி தப்பிடும். ஷாட்கன் கனம். ஆனா கிட்டத்துல தப்பாது."

"ஷாட்கன்னே எடுத்துக்கோம்மா" என்று அடுப்போரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

ஹால்வர். பக்கத்துப் பண்ணைக்காரர். வெர்னாவின் முகம் சுருங்கியது.

எய்னாருக்கும் அவருக்கும் முப்பது வருஷப் பகை. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். விறகுக் கட்டையைப் பட்டை மேலே இருக்கும்படி அடுக்கினால்தான் பனித்தண்ணீர் வழிந்து ஓடும் என்பார் எய்னார். பட்டை கீழே இருந்தால்தான் கட்டை காயும் என்பார் ஹால்வர். ஒருநாள் சர்ச் விருந்தில், "பட்டையை மேலே வைக்கிறவன் முட்டாள்" என்று ஹால்வர் சொல்லப்போக, அதோடு பேச்சுவார்த்தை நின்றது. ஊரே இரண்டு கட்சியானது.

எய்னாரை அடக்கம் செய்த அன்று ஹால்வர் வாசலில் வந்து நின்று, "விறகு கிறகு ஏதாவது..." என்று இழுத்தார்.

"உங்க விறகுல குளிர் காயறதுக்குப் பதிலா நான் விறைச்சே சாவேன்" என்று கதவைச் சாத்தினாள் வெர்னா.

இப்போதும் விடவில்லை. "உங்களை யாரு கேட்டா?"

"இல்லம்மா, அதோட முன்பிடியை ஒரு தடவை முன்னும் பின்னும் இழுத்துவிட்டா 'சரக் சரக்'னு ஒரு சத்தம் வரும் பாரு, எப்பேர்ப்பட்டவனும் கையைத் தூக்கிருவான். தோட்டாகூடப் போட வேண்டாம். சத்தமே போதும்."

"தோட்டா போட வேண்டாமா? நல்லா இருக்கே கதை!"

சொல்லும்போதே அவளுக்குப் பொறி தட்டியது. அவருடைய பூட்ஸைப் பார்த்தாள். பெரிய பூட்ஸ், வலது குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. கொல்லைப்பக்கத் தடத்திலும் அதே தேய்மானம்.

அடப்பாவி மனுஷா!

"லாய்ட், ஷாட்கன்னே குடு. தோட்டாவும் குடு" என்றாள், ஹால்வரை முறைத்துக்கொண்டே. அவர் காபிக் கோப்பைக்குள் பார்வையைப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் விடியல். வானமும் தரையும் ஒரே வெள்ளை.

டொக்... டொக்...

"எய்னார்" என்று முணுமுணுத்துச் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. எழுந்தாள். தோட்டா நிரப்பி வைத்திருந்த ஷாட்கன்னைத் தூக்கிக்கொண்டு பின்கதவைத் திறந்தாள்.

பனிமூட்டத்துக்குள் முதுகைக் காட்டியபடி ஓர் உருவம்.

சரக் சரக்!

உருவத்தின் இரண்டு கையும் மேலே போயின. அணைத்திருந்த விறகுக் கட்டைகள் பொத்பொத்தென்று பனியில் விழுந்தன. திரும்பியது ஹால்வர்தான். மீசையெல்லாம் பனி. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சறுக்கு வண்டி, பாதி விறகோடு.

"நேத்தே நினைச்சேன், நீங்கதான்னு! நோட்டம் பார்க்க வர்றீங்கன்னு பார்த்தா, இதுதானா வேலை? புருஷன் போன வீட்டுல விறகைத் திருடி வண்டியில ஏத்துறீங்களே, வெக்கமா இல்ல?"

"ஏத்தலம்மா" என்றார் ஹால்வர். "இறக்குறேன்."

"யாரு காதுல பூ சுத்துறீங்க? இந்த அடுக்கைப் பாருங்க. பட்டையெல்லாம் மேலே இருக்கு. இது எங்க வீட்டுக்காரர் கைவேலை. நீங்க செத்தாலும் இப்படி அடுக்க மாட்டீங்க!"

சொல்லிக்கொண்டே அடுக்கைப் பார்த்தவள் அப்படியே நின்றாள். மேல் வரிசைக் கட்டைகளில் ஒரு பொட்டுப் பனி இல்லை. இப்போதுதான் வைத்தவை. எல்லாமே பட்டை மேலே.

துப்பாக்கி தானாகத் தாழ்ந்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஹால்வர் தூக்கிய கையை இன்னும் இறக்கவில்லை.

"என் விறகுன்னு தெரிஞ்சா நீ தொட மாட்டியேம்மா. அதான்... இந்தக் குளிர்காலம் பூரா நானும் முட்டாளாவே இருந்துட்டேன்."