செல்ல மான்

குளிக்காத உடம்போடு, எறும்பு மொய்க்கும் நாற்காலியில் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் விளையாட்டில் மானைக் கொஞ்சிக்கொண்டிருந்தான் கணவன்.

“என் ராஜா!” என்றவன் மனைவி பக்கம் திரும்பினான். “நான் வேலைக்குக் கிளம்பினதும் ஆட்டத்தை அணைச்சிடுடி. சும்மா ஓடினா மானுக்கு வயசு ஏறிடும்.”

“எனக்குக் காய்ச்சல்னா திரும்பிக்கூடப் பார்க்கல. மானுக்கு மட்டும் வயசே ஆகக் கூடாதாக்கும்!”

அவன் உடம்பு நாற்றத்துக்கு அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஆனாலும் இந்த மனுஷனுக்குள்ளும் கொஞ்சம் ஈரம் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

எறும்பை விரட்டும் மும்முரத்தில் அணைக்க மறந்துபோனாள். சாயங்காலம் திரும்பியவன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். மான் கிழமாகிச் செத்திருந்தது.

மனம் கேட்காமல் அவன் தோளைத் தடவிக்கொடுத்தாள். “அழாதீங்க. வயசாகி நிம்மதியாத்தானே போச்சு.”

“நிம்மதியாவா? கொம்பு நல்லா முத்தினதும் வேட்டையில சுடலாம்னுதானேடி பொத்திப் பொத்தி வளர்த்தேன்! இன்னைக்குச் சுட இருந்தேனே!”

அவள் நேரே குழாயடிக்குப் போய், சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள்.