முதலாளியைக் கூப்பிடு

கட்டினால் வினோத்குமாரைத்தான் கட்டுவேன் என்று மகள் சுகன்யா ஒற்றைக்காலில் நிற்க, அவன் லட்சணத்தைப் பார்க்க வெள்ளைத்துரை குரங்கணி ரோட்டுக்கே வந்துவிட்டார். பையன் பார்பிக்யூ வண்டிக்கு வெளியே தட்டு கழுவிக்கொண்டிருந்தான்.

“கோழியச் சுடுறதுக்குப் பேரப் பாரு, பார்பிக்யூவாம்! வண்டியாவது ஒன்னுதா?”

“இல்ல மாமா, சம்பளத்துக்கு நிக்கிறேன்.”

“மாமாவா? எம்பொண்ணு ஏலக்கா ஒணத்துற ஸ்டோர்ல சூப்பர்வைசர்டா! வேலை முடிஞ்சு வந்தா அவ முடியில ஸ்டோர்ப் புகை வாசம் அடிக்கும். அது கவுரவமான புகை. ஒம்மேல கோழிப் புகைல்ல நாறுது! கூப்பிடுடா ஒன் மொதலாளிய. இப்பவே ஒன்னைய வேலைய விட்டுத் தூக்கச் சொல்றேன்.”

வினோத்குமார் கையைத் துடைத்துக்கொண்டு வண்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

“மொதலாளியம்மா, ஒங்கப்பா வந்திருக்காக.”