நெஞ்சில் மாட்டிய கேமரா

சோவென்ற ஆற்றிரைச்சல் மடிக்கணினியிலிருந்து வெடித்துக் கிளம்புகிறது. சமையலறையிலிருந்து கணவன் கரண்டியும் கையுமாக ஓடி வருகிறான். "அதை ஏன் இப்ப நோண்டுறே?" அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இறுகிய தாடையில் திரையின் வெளிச்சம் நீலமாக நடுங்குகிறது. ஜன்னலோரம் எட்டு வயது மகள் மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாள். "நான் வேண்டாம்னுதான் சொன்னேன், இவளே பாறையிலேருந்து குதிச்சுட்டா" என்று அவன் சொன்னதை நம்பி, இரண்டு நாளாக அந்தக் குழந்தையைத்தான் அவள் கரித்துக் கொட்டியிருக்கிறாள். அவனோ அன்று ஆற்றங்கரையில், படமெடுக்கத் தன் நெஞ்சில் மாட்டியிருந்த கேமராவின் பொத்தானை ஒரு தடவை கூடுதலாக அழுத்தித் தொலைத்திருக்கிறான். ஓட வைக்கவும் நிறுத்தவும் அந்த ஒரே பொத்தான்தான்; மகள் குதிக்கும்போது நின்றிருந்த கேமரா, நிறுத்திவிட்டதாக அவன் நினைத்த பிறகு ஓடியிருக்கிறது. திரையில் ஈரப் பாறையும் அவன் கால்விரல்களும்தான் ஆடுகின்றன. "மூடுடி அதை!" அவன் பாய்கிறான். நீண்ட கையைப் பட்டென்று தட்டிவிட்டு, அவள் ஒலியைக் கூட்டுகிறாள். "கை ரொம்ப வலிக்குதுப்பா" என்று மகள் தேம்புகிறாள். அடுத்து அவன் குரல், கொஞ்சலாக:

"அழாதடா செல்லம், பயத்துல கண்ணை மூடிட்டே; சிரிச்சுக்கிட்டே இன்னொரு தடவை குதிச்சிடு."