காணாமல் போன மேக்கம்பம்

மே முதல் தேதி காலையில், வசந்த விழாவுக்கு நட வேண்டிய ஊர்க் கம்பத்தைக் கொட்டகையில் காணவில்லை.

அதன் உச்சியில் கட்ட வேண்டிய ஸ்வஸ்திகாக் கொடியைத் தோளில் போட்டுக்கொண்டு, நாஜிக் கட்சியின் வட்டாரத் தலைவர் ரைட்மாயர் காலிக் கொட்டகையில் நின்றார். மத்தியானம் பத்திரிகைக்காரன் படம் எடுக்க வருகிறான்.

ஊர்த்தலைவர் கோர்பினியன் தலையைச் சொறிந்தார். கொடி ஏறாது என்று சொன்ன இன்னொரு ஊரின் தலைவர் இப்போது டாஹாவ் வதைமுகாமில் இருந்தார். அதனால் கோர்பினியன் அப்படிச் சொல்லவே இல்லை. ஜம்மென்று ஏற்றிவிடலாம் என்றுதான் சொல்லியிருந்தார்.

"பக்கத்து ஊர் ஓபர்ஹைம்காரங்க தூக்கிட்டுப் போயிட்டாங்கபோல" என்றார்.

போலீஸ் என்று வாயெடுத்த ரைட்மாயர் அப்படியே விழுங்கிக்கொண்டார். அவரும் இந்தப் பக்கத்துப் பிள்ளைதான். மேக்கம்பத்தை ஊருக்கு ஊர் திருடுவது இங்கே பழைய விளையாட்டு; திருட்டுப்போனதைப் பீரும் பன்றிக்கறியும் கொடுத்துத்தான் மீட்க வேண்டும். போலீஸை அனுப்பினவன் வீட்டுக்கு யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். நாட்டையே பிடித்தவர்களுக்கு இந்த வழக்கத்தைத் தொட மட்டும் துணிவில்லை.

இருவரும் காரில் கிளம்பினார்கள்.

ஓபர்ஹைமில் என்ன பதில் வருமோ என்று கோர்பினியனுக்கு வழியெல்லாம் கவலை. ஓடைத் தண்ணீர்த் தகராறில், ஓபர்ஹைம் தலைவர் விட்டுஸோடு அவருக்குப் பேச்சு நின்று வருஷக்கணக்காகிறது.

மதுக்கடையில் உட்கார்ந்திருந்த விட்டுஸ் கொடியைப் பார்த்தார். கோர்பினியனின் முகத்தைப் பார்த்தார். வாயிலிருந்த முள்ளங்கியை மென்று முடித்தார்.

ஆமாம், நாங்கள்தான் தூக்கினோம் என்றார். நாலு பீப்பாய் இல்லாமல் தருவதற்கில்லை.

கோர்பினியன் ஒரு பீப்பாய் என்றார். விட்டுஸ் பன்றிக்கறியையும் சேர்த்தார். கோர்பினியன் விட்டுஸின் அப்பாவைப் பேச்சில் இழுத்தார். விட்டுஸ் ஓடையை இழுத்தார்.

கட்சியே செலவை ஏற்கும் என்று ரைட்மாயர் குறுக்கே விழுந்தார். இது இரண்டு ஊர் விவகாரம், மூன்றாம் ஆள் காசு செல்லாது என்று இரு தலைவர்களும் ஒரே குரலில் அதட்டினார்கள்.

ரைட்மாயர் இன்னொரு பீர் கேட்டார்.

மத்தியானமும் போயிற்று. பத்திரிகைக்காரன் காத்திருந்து அலுத்துத் திரும்பிப் போய்விட்டதாகத் தகவல் வந்தது. மாடு மேய்க்கத்தான் லாயக்கு என்று இருவரையும் திட்டிவிட்டு, ரைட்மாயர் கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு காரில் ஏறினார்.

கார்ச் சத்தம் அடங்கியதும் விட்டுஸ் நாற்காலியைக் கோர்பினியன் பக்கம் நகர்த்திப் போட்டார்.

"உங்க கம்பத்தை நாங்க தொடவே இல்லைன்னு உனக்குத் தெரியும். அதை விடு. அடுத்த ஞாயிறு எங்க ஊர்க் கம்பத்துலயும் இந்தக் கொடியை ஏத்தணுமாம். நீ எப்படா திருட வர்ற?"