தீவு ரூட் போர்வை

விமான நிலையக் கிடங்கில் இரண்டு போர்வைகள் கிடந்தன. இரண்டுமே முன்பக்கச் சொகுசு சீட்டுக்கான போர்வைகள்தான். ஆனால் ஒன்று தடி, இன்னொன்று மெலிசு.

"ஏண்டா இப்படிக் கிழிஞ்சு கிடக்க?" என்றது தடி.

"தீவுக்கு டூர் போற ப்ளேன்டா. கீமோ முடிச்ச ஒரு அம்மா குளிர் தாங்காம என்னை இழுத்து இழுத்துப் போர்த்தினாங்க. வேற கேட்டதுக்கு, இந்த ரூட்டுக்கு இதான்னுட்டாங்க. நீ எங்க போன?"

"ஆபீஸ்காரங்க ரூட். என் ஆளு கவரையே பிரிக்கல. லேப்டாப்புக்கு முட்டுக் கொடுத்தாரு."

"அந்தம்மா நாளைக்குத் திரும்பி வர்றாங்க. நீ போயேன்."

"சும்மாதானே கிடக்கேன். போறேன்."

காலையில் கிடங்கு ஆள் வந்து கிழிந்ததைக் குப்பையில் போட்டான். தீவு ப்ளேனுக்கு இன்னொரு மெலிசை அனுப்பினான். தடிப் போர்வை கவரோடு ஆபீஸ்காரர்கள் ரூட்டுக்கே போனது. அன்றைக்கும் யாரும் அதைப் பிரிக்கவில்லை.