உயிரோடு இருப்பவன் பெயர்

"யார் பேரை வச்சிருக்க என் பேரனுக்கு? வாயைத் திறந்து சொல்லுடி!"

ஹெனொக் சமையலறைக் கதவை அறைந்து சாத்தினார். எட்டாம் நாள் விருத்தசேதனம் முடிந்து, குழந்தைக்குப் பெயர் சொல்லி, அப்போதுதான் விருந்தாளிகள் மீன் தட்டுகளில் கை வைத்திருந்தார்கள். லண்டன் ஸ்டெப்னியின் போலந்து யூதர்கள் பாதிப் பேர் கூடத்தில்தான் இருந்தார்கள். அத்தனை பேச்சும் சட்டென்று அடங்கியது.

"கால்மன்னு வச்சிருக்கேன்," என்றாள் அவர் மகள் ரய்ஸல். பிள்ளை பெற்ற உடம்பு. நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "உங்க காதுலதான் விழுந்துச்சே."

"விழாம? குழந்தையை மடியில வச்சிருந்ததே நான்தானே! கால்மன் யாருடி? உன் கூடப் பிறந்த அண்ணன்!"

"ஆமா."

"ஆமாவாம்! உயிரோட இருக்கிறவன் பேரை நம்ம பொம்பளை எவளாவது பிள்ளைக்கு வைப்பாளா? செத்தவங்க பேரைத்தான் வைக்கணும்னு உனக்குத் தெரியாது? சாவுத் தூதன் பேரைக் கேட்டுக்கிட்டு வருவான். பெரியவனைத் தேடி வந்துட்டு இந்தப் பச்சை மண்ணைத் தூக்கிட்டுப் போனா என்ன பண்ணுவ?"

ரய்ஸலின் அம்மா ஹின்டா அடுப்படியில் தட்டும் கையுமாக நின்றாள். கணவரின் முகத்தைப் பார்க்கவில்லை.

"உன் மாமியார் வீட்டுல செத்தவங்களுக்கா பஞ்சம்? கல்லறைத் தோட்டத்துல பாதி எங்க குடும்பம்தான்னு உன் புருஷன் பீத்திக்கிட்டுத் திரியறானே! அதுல ஒரு பேர் அகப்படலையா?"

"எனக்கு என் அண்ணன் பேர்தான் வேணும்."

ஹெனொக் மேசையில் ஓங்கிக் குத்தினார். தெருவுக்கே கோட்டு தைத்துப் போடுகிறவர் அவர். ஆனால் அவருடைய சொந்தக் கோட்டின் வலது மார்பு மடிப்பில் நாலு விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல். அதில் வெள்ளை நூலால் கோணல்மாணலாகத் தையல் ஓடியிருந்தது. நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அந்தக் கோட்டுதான். பட்டறையில் யாராவது அதைப் பற்றிக் கேட்டால் கத்தரிக்கோல் பறக்கும்.

"அவன் யாருன்னு நினைச்ச? மான்செஸ்டர்ல டாக்டர்! நான் துணி தைக்கிறேன், அவன் மனுஷங்க வயித்தைத் திறந்து தைக்கிறான். லீட்ஸ்ல இருந்தெல்லாம் ரயிலேறி அவன்கிட்ட வர்றாங்களாம். போன குளிருக்கு நிமோனியா வந்து, பிழைச்சதே பெரும்பாடு. அப்படிப்பட்டவன் பேரை எடுத்து... அடிப்பாவி!"

"நிமோனியா வந்தது உங்களுக்கு யாருப்பா சொன்னது?"

ஹெனொக் பார்வையை அடுப்புப் பக்கம் திருப்பினார். "துணி கொண்டு வர்றவங்க சொல்றாங்க. யார் சொன்னா உனக்கென்ன? பேர் சொன்ன ரபி இன்னும் கூடத்துலதான் இருக்கார். கூப்பிட்டுப் பேரை மாத்து. குத்துக்கல்லாட்டம் உயிரோட இருக்கான் என் மகன்!"

ஹின்டா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். ரய்ஸல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அப்பா கத்துவார், மற்றவர்கள் கேட்டுக்கொள்வார்கள். அதுதான் அந்த வீட்டு வழக்கம். இன்று அவள் கண்களிலும் தீப்பொறி பறந்தது.

"இன்னொரு தடவை சொல்லுங்க. கூடத்துல இருக்கிறவங்க எல்லாருக்கும் கேக்கட்டும்."

"ஆயிரம் தடவை சொல்வேன்! எனக்கென்ன பயம்? உயிரோட இருக்கான்! செத்துட்டான்னு எவன் சொன்னான்? சொன்னவன் நாக்கு அழுகிப் போகட்டும்!"

ரய்ஸல் அவரை நெருங்கி வந்தாள். கோட்டின் அந்த வெள்ளைத் தையல்மேல் விரலை வைத்தாள்.

"நீங்கதாம்பா சொன்னீங்க. நாலு வருஷத்துக்கு முன்னாடி அவன் கிறிஸ்தவப் பொண்ணைக் கட்டிக்கிட்டான்னு கேள்விப்பட்டதும், 'எம் புள்ள செத்துட்டான்'னு நம்ம சாவு முறைப்படி இந்தக் கோட்டைக் கிழிச்சுக்கிட்டு, அம்மாவையும் என்னையும் ஏழு நாள் தரையில உக்கார வச்சுத் துக்கம் காத்தது நீங்கதானே?"